ரெண்டும் இருக்கட்டும்

அந்த வீட்டில் யார் தண்ணீர் கேட்டாலும், கொடுப்பதற்கு முன்னால் அக்கா கோப்பையை ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்பார். முதல் நாள் எனக்கும் அப்படித்தான் செய்தார். நான் திகைத்ததைக் கண்டுவிட்டு, “குறை நினையாதையும் பிள்ளை. எங்கடை வீட்டிலை எந்தக் கோப்பைக்குள்ளை பிரஷ் கிடந்ததெண்டு எனக்கே சிலவேளை தெரியாது” என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை கதவு நிலையில் சாய்ந்தபடி, ஒரு கண்ணை உள்ளே இருந்த மேசைமேலேயே வைத்திருந்தார்.

ஹந்தானைக்கு ஏறும் வழியில் இருந்தது அந்த வீடு. கண்டியில் பல வீடுகள் போல அதுவும் சரிவைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாதை மட்டத்தில் இருந்த மேல்தளத்தில் நான் வாடகைக்கு இருந்தேன். பக்கத்துப் படிகளில் இறங்கினால் கீழ்த்தளத்தில் அக்காவும் அவருடைய கணவரும். எனக்குச் சொந்த ஊர் பன்வில. டவுனில் ஒரு பாடசாலை அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை வீட்டுக்குப் போய் ஞாயிறு திரும்பிவிடுவேன். மற்ற நாட்களில் பிற்பகல் வந்து சேர்ந்தால் பேச்சுத் துணைக்குக் கீழ்வீடுதான்.

முதலில் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன். அறுபதைத் தாண்டியவர், தலை முழுக்க நரை. “ஆன்ட்டியோ? நான் என்ன இங்கிலீசு ரீச்சரோ?” என்று கேட்டார். அன்றிலிருந்து அக்கா. அவருடைய கணவரை, அலுவலகத்தில் பெரியவர்களைக் கூப்பிடுவதுபோல, ‘சேர்’ என்பேன். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்தவர். மாற்றலாகி யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். ஓய்வு பெற்ற கையோடு சேருக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது. பேச்சும் போய், ‘ம்’, ‘வா’, ‘இல்லை’ என்று நாலைந்து சொற்கள்தான் மிச்சம். இடக்கைக்கு வேலை கொடுங்கள், ஏதாவது வரையட்டும் என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லியிருக்கிறாள். சிறுபிள்ளைகள் பாவிக்கும் வர்ணங்களை அக்கா வாங்கி வந்தார். காகிதத்தை சேர் தொடவேயில்லை. வீட்டில் கிடந்த வெறும் மண் பூச்சாடியைக் காட்டினாராம். அப்படித் தொடங்கியது. அதன்பிறகு மண்சாடி விற்கும் பிலிமத்தலாவைக்குப் போகும்போதெல்லாம் அக்கா பஸ்ஸில் மடியில் வைத்துச் சாடி கொண்டு வருவார்.

ஜிம்மி அதற்கு முன்பே வந்துவிட்டது. அது தெருநாய். பஸ் தரிப்பிடத்தில் சேர் பிஸ்கட் போட்டுப் பழக்கியது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கேட்டுக்கு வெளியே படுத்திருந்தது. அவரைக் கதிரையில் வைத்துத் தூக்கிவந்து இறக்கியபோது பின்னாலேயே நுழைந்து கதிரைக்குக் கீழே படுத்துக்கொண்டது. சேரின் வலக்கை கைப்பிடிக்கு வெளியே செத்த கையாகத் தொங்கும். அதை ஜிம்மி நக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அப்படி நக்கும்போது சுண்டுவிரல் அசைந்தது என்று அக்கா சொல்வார்.

“நான் கண்டனான் பிள்ளை. டொக்டர் நம்பேல்லை. மகனும் நம்பேல்லை. நான் கண்டனான்.”

இதுதான் அக்காவுக்கு வந்து சேர்ந்த சிக்கல். சேருக்கு வர்ணம் வேண்டும். ஜிம்மிக்கு சேருடைய கை வேண்டும். கையில் எந்நேரமும் வர்ணம்.

நான் பார்த்த அக்கா எப்போதும் யாருக்காவது பின்னால் போய்க்கொண்டிருப்பவர். சேர் ஒரு போத்தலைத் திறந்து மூடியைக் கீழே போடுவார். அக்கா குனிந்து எடுத்து மூடுவார். சேர் பிரஷ்ஷைக் கழுவிய தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போவார். அக்கா அதை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் வைப்பார். துடைத்த துணி நிலத்தில் விழும். ஜிம்மிக்குத் துணி என்றால் பைத்தியம். அது வாயை வைக்கும் முன்னர் அக்காவின் கால் துணியை மிதித்திருக்கும். வேலை முடிந்ததும் சேரின் இரண்டு கைகளையும் பேசினில் வைத்து, நகத்துக்குள்ளெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். பிறகுதான் நாயை உள்ளே விடுவார். நாய் நேராக அந்த வலக்கைக்குப் போகும்.

“இது தண்ணிப் பெயிண்ட் தானேங்க அக்கா? பிள்ளைங்க பாவிக்கிறது. நக்கினா ஒன்னும் ஆகாதே” என்று ஒருமுறை கேட்டேன்.

“பெரிசா ஒண்டும் செய்யாது எண்டுதான் மிருக டொக்டரும் சொன்னவர். ஒரு துளியெண்டால் சரி. போத்தலைக் கடிச்சுக் குடிச்சால் சத்தி எடுக்கும், வயித்தாலை போகும். அதைத் துடைக்கிறதும் நான்தானே.” இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “அலுப்பா இருக்கு பிள்ளை.”

அலுப்பா இருக்கு என்பதை அவர் ஒரு முறைப்பாடாகச் சொன்னதில்லை. மழை வருகிறது என்பது மாதிரிச் சொல்வார்.

கண்டி மழைதான் அடுத்த பிரச்சினையைக் கொண்டுவந்தது. சேர் வர்ணம் பூசிய சாடிகளைப் படியோரம் வரிசையாக வைத்திருந்தோம். ஒரு பின்னேர மழையில் பூவும் இலையும் கரைந்து படி வழியே ஓடிவிட்டன. சேர் ஜன்னலோரம் இருந்து அதைப் பார்த்தார். இரவும் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. தண்ணீருக்குக் கரையாத எனாமல் பெயிண்ட்டும் டர்பன்டைனும் அந்த வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். அக்காவே போய் வாங்கிவந்தார். வாங்கிய அன்றே கம்பிவலை போட்ட பழைய அலுமாரி ஒன்றைத் தேடிப்பிடித்து, டின்களை அதன் மேல்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டார். ஒரு நேரத்தில் ஒரு டின்தான் வெளியே வரும். வெளியே வரும் நேரத்தில் ஜிம்மி குசினிக்குள் அடைபடும். கதவுக்கு அந்தப் பக்கம் அது ஊளையிடும். இந்தப் பக்கம் சேர் “வா, வா” என்பார். நடுவில் அக்கா.

கனடாவில் இருக்கும் மகன் வாரம் ஒரு தடவை வீடியோவில் வருவார். அக்கா போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்தபடி பேசுவார். நான் இருந்தபோதே ஒருமுறை அந்தப் பேச்சு வந்தது.

“அம்மா, உங்களுக்கும் வயசு போகுது. நாயை ஆரிட்டையும் குடுங்கோ.”

“குடுக்கலாம். அப்பாவை ஆரிட்டைக் குடுக்கிறது?”

“அப்பாவை ஆர் குடுக்கச் சொன்னது? நான் நாயைச் சொன்னன்.”

“ரெண்டும் ஒண்டுதான் தம்பி.”

“அப்ப அந்தப் பெயின்றை நிப்பாட்டுங்கோ.”

அக்கா கீரைக்காம்பை முறித்தார். “ரெண்டும் இருக்கட்டும்” என்றார். “நான் இருக்கிறன்தானே.”

எல்லாரும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் அவரிடம் கேட்டார்கள். வாடகைக்காரி நானும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் பொறுமையின் சிகரம் என்று எழுதினால் பொய். ஒரு பிற்பகல் நான் மேலே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே ஏதோ உருண்டு விழும் சத்தம். பிறகு அக்காவின் குரல். “என்னாலை ஏலாது! கேக்குதோ? என்னாலை ஏலாது!” பின்கதவு திறந்தது. பிரஷ்களெல்லாம் ஒரு கட்டாகப் பறந்து சரிவில் இருந்த காட்டுச்சூரியகாந்திப் பற்றைக்குள் விழுந்தன. அக்கா வாசலில் நின்றார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. நான் போவதா விடுவதா என்று தெரியாமல் ஈரச்சேலையைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் செடிகளைப் பிடித்துப் பிடித்து, சரிவில் இறங்கினார். அட்டை கடிக்கும் இடம். ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மேலே ஏறி வரும்போது என்னைக் கண்டுவிட்டார்.

“காத்து வேணுமெண்டு வந்தனான்” என்றார்.

“ஆமாங்க அக்கா” என்றேன்.

பூட்டு, சாவி, கதவு என்று இத்தனையும் இருந்தும் அது நடந்தது. நடத்தியது ஒரு குரங்கு.

பாடசாலை விட்டு நான் வந்து கேட்டைத் திறக்கும் நேரம், கூரைமேல் குரங்குக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கீழே சேர் சாடிக்கு விளிம்பு பூசிக்கொண்டிருந்தார். பச்சை எனாமல் டின் மேசையில் திறந்தபடி. ஜன்னலில் கம்பி இருந்தது. கம்பிக்கு நடுவே நுழையக்கூடிய அளவில் ஒரு குட்டிக் குரங்கும் இருந்தது. மேசையில் இருந்த வாழைப்பழத்துக்காக அது உள்ளே பாய்ந்திருக்கிறது. குசினிக்குள் இருந்த ஜிம்மி தன் முழுப் பலத்தோடும் கதவில் மோதியது. பழைய கொளுக்கி கழன்றது. நாய் மேசைமேல் பாய, குரங்கு வந்த வழியே போக, டின் கவிழ்ந்தது. நான் படியிறங்கி உள்ளே ஓடியபோது ஜிம்மி தலையிலிருந்து முதுகுவரை பச்சையாக நின்றது. கண் ஒன்று மூடியிருந்தது. அது தன்னைத்தானே நக்கத் தொடங்கியிருந்தது.

மேசையடியில் டர்பன்டைன் போத்தல் நின்றது. பெயிண்ட்டை எடுக்க அதைத்தானே பாவிப்பார்கள் என்று நான் அதை எடுத்துத் துணியில் ஊற்றப் போனேன்.

“வையும் அதை!” அக்கா போத்தலை என் கையிலிருந்து பறித்தார். “பெயின்றை விட அது மோசம். தோலையும் எரிக்கும், நக்கினால் உள்ளுக்கும் போகும். தேங்காயெண்ணெய் எடும். ஓடும்.”

எடுத்து வந்தேன். அவர் நாயின் வாயை ஒரு கையால் பொத்திப் பிடித்தபடி கண்ணைச் சுற்றித் துணியால் ஒற்றினார். எண்ணெயைப் பூசிப் பூசி வழித்தார். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர். மயிரில் கட்டிப்பிடித்த இடங்களைக் கத்தரிக்கோலால் வெட்டினார். ஜிம்மி ஒரு தடவை வாயை உதறிக்கொண்டு இருமியது. வாயோரம் பச்சை நுரை.

“உப்புத் தண்ணி குடுப்போமா அக்கா? வாந்தி எடுத்தா வெளிய வந்துரும்ல?” எங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் நாய் விஷம் தின்றால் அதைத்தான் செய்வார்கள்.

“வேண்டாம், வேண்டாம். எண்ணெய்ப் பெயின்றுக்குச் சத்தி எடுக்கப் பண்ணக்கூடாது. திரும்பி மேலை வரேக்கை நெஞ்சுக்குள்ளை இறங்கியிடும். அந்த டின்னை எடுத்து வையும். டொக்டர் அதைத்தான் முதலிலை கேப்பார்.” சொல்லிக்கொண்டே அடுத்த கட்டியைக் கத்தரித்தார்.

எனாமலை வாங்கிய வாரமே மிருக வைத்தியரிடம் போய் இதையெல்லாம் கேட்டுவைத்திருந்தாராம். பிறகு சொன்னார்.

த்ரீவீல் ஆட்டோ ஒன்று பிடிக்க நான் பாதைக்கு ஓடினேன். முதலில் வந்தவர் பச்சை நாய் என்றதும் போய்விட்டார். இரண்டாவதாக நிறுத்தியவர் எங்கள் பாதையில் இருக்கும் முஸ்லிம் ஒருவர்; அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரை ‘நானா’ என்பார்கள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “ஏலாப் பிராணிதானே. ஏத்துங்கோ. சாக்கொண்டு ஈக்கி, விரிச்சிடுவோம். வண்டியைப் பொறகு கழுவிக்கொள்ளேலும்” என்றார்.

கீழே ஓடிவந்து, “நான் சேர்கூட இருக்கேன். நீங்க போங்க அக்கா” என்றேன்.

அக்கா சேரைப் பார்த்தார். சேர் கதிரையிலிருந்து எழ முயன்று பாதியில் தொங்கிக்கொண்டிருந்தார். “வா, வா” என்று நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் நனைந்திருந்தது.

“இல்லை. எல்லாரும் போவம்” என்றார்.

அந்தப் படிகளில் சேரை எப்படி ஏற்றினோம் என்று இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. நானா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அக்கா நாயைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு பின்னால். த்ரீவீலின் பின்சீட்டில் நாங்கள் மூவரும் நெருக்கிக்கொண்டோம். நாய் சேரின் மடியில். அதன் கழுத்தை அக்கா பிடித்திருந்தார், நக்காமல். டின் என் கையில். பாடசாலைகள் விட்ட நெரிசல் இன்னும் தீரவில்லை. கண்டி டவுனுக்குள் வாகனங்கள் அசையவில்லை. பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பச்சைச் சேலை, பச்சை நாய், பச்சைக் கைகளோடு ஒரு கிழவர். ஒரு பிள்ளை தாயிடம் எங்களைக் காட்டிக் கைதட்டியது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. நாயின் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தார். பேராதனைப் பாதையில் திரும்பியபிறகுதான் வண்டி ஓடத் தொடங்கியது.

மிருக வைத்தியர் இளைஞர். டின்னை வாங்கி அதில் எழுதியிருந்ததைப் படித்தார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். கண்ணைக் கழுவினார். ஊசி போட்டார். நாங்கள் செய்ததெல்லாம் சரி என்றார். இனிப் பயப்பட வேண்டியது நுரையீரலுக்குத்தான், இருமல் கூடினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே கொண்டுவரச் சொன்னார். நாய் உடம்பை நக்காமலிருக்கக் கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிவிட்டார். கடைசியில் சேரின் கைகளைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். “அம்மா, பெயிண்ட் அல்லது நாய். ஒன்றை நிறுத்திவிடுங்கள்.”

அக்காவுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் தலையை மட்டும் ஆட்டினார். ஆமென்றா, இல்லையென்றா தெரியவில்லை.

ஜிம்மி பிழைத்தது. பல நாள் இருமியது. உடம்பில் அங்கங்கே மயிரில்லாமல், கூம்போடு மேசைக்காலில் இடித்து இடித்து நடந்தது. அந்த நாட்களில் அக்காவின் கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. தேத்தண்ணீர் ஊற்றும்போது கோப்பை நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

அவர் பெயிண்ட்டையும் நிறுத்தவில்லை, நாயையும் கொடுக்கவில்லை. மழையை நிறுத்தினார். படியோரம் இரும்புக் கம்பி நட்டு, மேலே தகரம் போட்டு, சாடிகளுக்கு ஒரு கூரை கட்டுவித்தார். எனாமலையும் டர்பன்டைனையும் கூரை போட வந்த மேசன் பாஸிடம் கொடுத்தனுப்பினார். பழைய தண்ணிப் பெயிண்ட் திரும்ப வந்தது. இப்போது கரைக்க மழை இல்லை. ஜன்னலுக்கு வலை. குசினிக் கதவுக்குப் பெரிய கொளுக்கி. அதற்காக அவருடைய வேலை குறையவில்லை. மூடி, துணி, தண்ணீர், கை கழுவுதல். எல்லாம் முதலில் இருந்து.

அதற்குப் பிறகு ஜிம்மி சில வருடங்கள் இருந்தது. வயது போய், காது கேளாமல், ஒரு மழைக்காலக் காலையில் கதிரைக்குக் கீழே படுத்தபடியே செத்துக் கிடந்தது. பின்பக்கப் பலாமரத்தடியில் புதைத்தோம். சேர் ஜன்னலால் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இனி அக்கா கொஞ்சம் இருக்கலாம், கால் நீட்டலாம் என்று நினைத்தேன். மகனும் போனில் அதையே சொன்னார்.

ஆனால் சேர் பிரஷ்ஷைத் தொடவில்லை. அக்கா புதுச்சாடி கொண்டுவந்து வைத்தார். சேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பிரஷ்ஷை அவருடைய இடக்கையில் திணித்தார். அது விரல்களுக்கிடையே நின்று, பிறகு விழுந்தது. திறந்து வைத்த போத்தல்களில் வர்ணம் காய்ந்து ஆடை படிந்தது. அக்கா அவற்றை மூடாமல் விட்டிருந்ததை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மேலே ஏறி வந்தார். “பிள்ளை, ஹேவாஹெட்டையிலை உம்மடை சின்னம்மா வீட்டிலை நாய் குட்டி போட்டதெண்டு சொன்னீர் எல்லோ?”

“அக்கா, வேணாங்க. இப்பதான் கொஞ்சம் மூச்சு விடுறீங்க. குட்டின்னா ஜிம்மி மாதிரி இல்ல. கண்டதையெல்லாம் கடிக்கும். ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.”

“தெரியும்.”

“உங்களால முடியாதுங்க அக்கா.”

“ஏலாதுதான்” என்றார். “அதுக்கு என்ன செய்யிறது? அந்த மனிசன் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்குது.”

சனிக்கிழமை பன்விலவுக்குப் போகாமல் அவரோடு ஹேவாஹெட்ட பஸ் ஏறினேன். திரும்பி வரும்போது வளைவுகள் தோறும் குட்டி பன்புல்லில் பின்னிய பைக்குள் முனகியது. அக்கா ஒரு விரலைப் பைக்குள் விட்டிருந்தார். அது சப்பிக்கொண்டே வந்தது. கறுப்புக் குட்டி, வெள்ளைக் கால்கள். வீட்டில் நிலத்தில் விட்டதும் சேரின் செருப்பில் ஒன்றுக்கு இருந்தது. தொங்கிய வலக்கையை மணந்து பார்த்தது. நக்கவில்லை. ஊசிப் பல்லால் ஒரு கடி கடித்தது. சேர், “இல்லை!” என்று உரக்கச் சொன்னார். பிறகு சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

ஞாயிறு மத்தியானத்துக்குள் குட்டி ஒரு பிரஷ்ஷைத் தும்பாக்கிவிட்டது. துடைக்கும் துணியைத் திருடிக் கட்டிலுக்கடியில் வைத்தது. மூடியிருந்த போத்தலையே கவ்விக்கொண்டு ஓடியது. அக்கா குனிந்து, நிமிர்ந்து, துரத்தி, பறித்து, கழுவி, கடைசியில் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். நான் சேருடைய கோப்பைக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“பிள்ளை.”

“என்னங்க அக்கா?”

“கொஞ்ச நேரம் நீர் பாக்கிறீரோ? நான் படுக்கவேணும்.”

அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சீனி, உப்பு, தீப்பெட்டி எல்லாம் கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை. “படுங்க அக்கா, நான் இருக்கேன்” என்றேன். அறைக்குள் போனார். கதவைக்கூடச் சாத்தவில்லை. கட்டிலில் விழுந்த விதத்திலேயே நித்திரையாகிவிட்டார். ஒரு கால் செருப்போடு வெளியே தொங்கியது.

நான் சேரின் பக்கத்தில் சின்ன மரவாங்கில் இருந்தேன். குட்டியை மடியில் வைத்தால் இறங்கியது. இறக்கினால் மேசைக்குப் போனது. அதன் வாயையும் சேரின் கையையும் மாறி மாறிப் பார்த்ததில், கொஞ்ச நேரத்திலேயே என் கழுத்து பிடித்துக்கொண்டது. சேர் நீலத்தைத் தொட்டுச் சாடியில் வளைவாக ஒரு கோடு இழுத்தார். அவ்வளவு நாளைக்குப் பிறகு முதல் கோடு. வெளியே மழை தகரத்தில் விழத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குக் குட்டி குரைத்தது. சேர் திரும்பி அறைப்பக்கம் பார்த்தார். அக்கா அசையவில்லை. சேர் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு, நீலம் பட்ட சுட்டுவிரலைத் தன் உதட்டின்மேல் வைத்து, குட்டியைப் பார்த்து, “ஸ்ஸ்” என்றார்.

உதட்டில் நீலம் ஒட்டிக்கொண்டது. பிரஷ் நிலத்தில் உருண்டது. குட்டி அதைப் பார்த்துவிட்டது. நான் அதற்கு முன்னால் எட்டிப் பிரஷ்ஷைக் காலால் மிதித்து, போத்தலை மூடி, அவருடைய வாயைத் துடைப்பதற்குத் துணியை நனைத்தேன்.